கடைசிச் சுற்றில் எடுத்த ஸ்ட்ரைக்கர் பிரீசீசனில் கோலாக அடிக்கிறான்: எவ்வளவு நம்பலாம்?

வடக்கு கேலரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதை இங்கே கொட்டிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் அணி இந்த முறை எம்.எல்.எஸ். (அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் கால்பந்து லீக்) சூப்பர் டிராஃப்டின், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வின், மூன்றாம் சுற்றில் ஒரு ஸ்ட்ரைக்கரை எடுத்தது. அன்றைக்கு அவனைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. முதல் சுற்றில் எடுத்த டிஃபென்டரைப் பற்றித்தான் எல்லாப் பேச்சும். இப்போது பிரீசீசனில், அதாவது லீக் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில், நான்கு முடிந்திருக்கிறது, பையன் நான்கு கோல் அடித்திருக்கிறான். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒன்பதாம் நம்பர், அதாவது எங்கள் முதன்மை ஸ்ட்ரைக்கர், இன்னும் கணக்கைத் தொடங்கவில்லை.

பெயரையும் அணியையும் சொல்லப்போவதில்லை. கண் பட்டுவிடும் என்று உண்மையாகவே பயப்படுகிறேன். நான்கில் இரண்டு ஆட்டத்தை நேரில் பார்த்தேன். மற்ற இரண்டும் பூட்டிய கதவுக்குள் நடந்தவை, கிளப் போட்ட இரண்டு வரிச் செய்தி மட்டும்தான் கிடைத்தது.

என் கேள்வி இதுதான். கடைசியில் எடுக்கப்பட்ட ஒரு புதுப்பையன் பிப்ரவரியில் கோல் அடித்தால், அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்? எனக்கு ஆசை நிறைய இருக்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். எதிரணி யார்? எத்தனையாவது நிமிடம்? அவனோடு களத்தில் நின்ற மற்ற பத்துப் பேர் யார்?

பிரீசீசன் ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்த்து முடிவுக்கு வரவே முடியாது. ஜனவரி நடுவில் முகாம் தொடங்கும். முதல் இரண்டு வாரம் அனுபவசாலிகள் எல்லாம் காலுக்கு வேலை ஏற்றிக்கொண்டிருப்பார்கள், யாரும் முழு வேகத்தில் ஓட மாட்டார்கள். சில ஆட்டங்கள் 90 நிமிடம்கூட இல்லை. முப்பது முப்பது நிமிடமாக நான்கு பகுதி வைத்து 120 நிமிடம் ஆடுவார்கள். முதல் பாதிக்கு ஒரு பதினொன்று, இரண்டாம் பாதிக்கு வேறு பதினொன்று. கடைசி அரைமணி நேரத்தில் எதிரணித் தடுப்பில் நிற்பது அகாடமிப் பையன்களும் சோதனைக்கு வந்தவர்களும். அவர்களுக்கு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. 'நான் போகிறேன், நீ மூடு' என்று கத்தக்கூட ஆள் இருக்காது. அந்த நேரத்தில் வரும் கோல் ஸ்ட்ரைக்கருடைய திறமையா, தடுப்பின் குழப்பமா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

---

வடக்கு கேலரி எழுதியது:

நியாயமான கேள்வி. முதல் இரண்டும் இரண்டாம் டிவிஷன் அணிக்கு எதிராக, இரண்டும் 70-ஆம் நிமிடத்துக்குப் பிறகு. மூன்றாவது பெனால்டி, அவனே வாங்கியது. நான்காவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எதிரில் இன்னொரு எம்.எல்.எஸ். அணியின் முதல்நிலைத் தடுப்பு, அத்தனை பேரும் கடந்த ஆண்டு சேர்ந்து ஆடியவர்கள். வலதுபக்கத்திலிருந்து கிராஸ் (கோலுக்கு முன்னால் அடித்துக் கொடுக்கும் பந்து) வருவதற்கு முன்பே பையன் இரண்டடி பின்னால் போனான். டிஃபென்டர் பந்தைப் பார்க்கத் திரும்பிய அந்த நொடியில் முன்கம்பத்துக்கு வெட்டி ஓடினான். ஒரே தொடல். பந்து அவனிடம் வந்ததுபோலவே இல்லை, அவன் போய் நின்ற இடத்துக்குப் பந்து வேறு வழியில்லாமல் வந்ததுபோல் இருந்தது.

---

புதுவரவு92 எழுதியது:

மன்னிக்கவும், நான் ஐரோப்பியக் கால்பந்து மட்டும் பார்ப்பவன். டிராஃப்டில் எடுத்துவிட்டால் ஒப்பந்தம் வந்துவிடும்தானே? அப்புறம் ஏன் பிரீசீசனில் இவ்வளவு பதற்றம்?

---

மீனா மினியாபொலிஸ் எழுதியது:

வாங்க, வாங்க. மன்னிப்பு எதற்கு? இங்கேயே பிறந்தவர்களுக்கும் இது குழப்பம்தான்.

டிராஃப்ட் என்பது உரிமை மட்டும். பல்கலைக்கழகத்தில் ஆடும் ஒருவரை லீக்குக்குள் கொண்டுவந்தால் அவரோடு பேசும் முதல் உரிமை எந்த அணிக்கு என்று தீர்மானிப்பது. முதல் சுற்றில் முதல் சில பேருக்கு ஒப்பந்தம் ஏறக்குறைய உறுதி. மூன்றாம் சுற்றுக்காரர் ஒப்பந்தம் இல்லாமலே முகாமுக்கு வருவார். தங்கும் இடமும் சாப்பாடும் உண்டு, மற்றபடி ஒவ்வொரு நாள் பயிற்சியும் அவருக்குத் தேர்வுதான். பல அணிகள் மூன்றாம் சுற்றில் யாரையும் எடுக்காமல் 'பாஸ்' சொல்லிவிட்டுப் போவதும் உண்டு.

அணிப்பட்டியலில் 30 இடம். முதல் 20 முக்கியமானவர்களுக்கு, 21 முதல் 24 துணை இடங்கள், 25 முதல் 30 வரை ரிசர்வ் இடங்கள், அவை 24 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு. கடைசிச் சுற்றுப் பையன் கண் வைப்பது அந்தக் கடைசி ஆறில் ஒன்றுக்கு. அதற்கும் அகாடமியிலிருந்து வரும் உள்ளூர்ப் பையன்கள் போட்டி. அது கிடைக்காவிட்டால் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் புரோவில் ஆடும் இரண்டாம் அணி. அதுவும் இல்லையென்றால் யு.எஸ்.எல். என்ற கீழ்நிலை லீக், இல்லாவிட்டால் வீடு.

பெண்கள் லீக்கில் இந்தப் பதற்றம் இப்போது இல்லை. என்.டபிள்யூ.எஸ்.எல். 2024-இல் டிராஃப்டையே எடுத்துவிட்டது. யார் எங்கே போவது என்று வீராங்கனையே முடிவு செய்யலாம். எனக்கு அது சரியான முடிவாகப் படுகிறது, ஆனால் அது வேறு இழை.

---

பே ஏரியா செந்தில் எழுதியது:

கடைசிச் சுற்று ஸ்ட்ரைக்கர் என்று தலைப்பைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ் வொண்டலாவ்ஸ்கி. இங்கே எல்லோருக்கும் வொண்டோ. 2005 சூப்பர் டிராஃப்டில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. நான்கு சுற்று, 48 பேர், ஒருவர்கூட அவர் இல்லை. அப்போது அதற்குப் பிறகு துணை டிராஃப்ட் என்று இன்னொன்று இருந்தது. அதிலும் நான்காம் சுற்றில், 41-ஆவது ஆளாகத்தான் சான் ஹோசே எர்த்க்வேக்ஸ் அவரை எடுத்தது. கணக்குப் பார்த்தால் அவருக்கு முன்னால் 88 பேர். அவர் படித்தது சிகோ ஸ்டேட், இரண்டாம் டிவிஷன் கல்லூரி. அந்த ஆண்டு சூப்பர் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் நிக்கோலஸ் பெசாக்னோ, 16 வயது. லீக்கில் அவர் ஆடிய ஆட்டங்கள் பத்தை எட்டவில்லை.

இதை வைத்து 'பார்த்தீர்களா, டிராஃப்டே பொய்' என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. வொண்டோ வந்ததும் வெடிக்கவில்லை. முதல் ஆண்டுச் சம்பளம் 12,000 டாலருக்கும் கீழே. இந்த ஊரில் அப்போதே அதை வைத்து ஒரு அறைக்கு வாடகை கொடுக்க முடியாது. 2006-இல் அணியே ஹூஸ்டனுக்குப் பெயர்ந்தது, அவரும் கூடப் போனார். ஹூஸ்டன் 2006, 2007 இரண்டு ஆண்டும் கோப்பை வென்றது. முன்வரிசையில் பிரையன் சிங் இருந்தார், வொண்டோவுக்கு இடமே இல்லை. ரிசர்வ் அணியில் ஆடினார், கோல் அடித்தார், மறுபடி ரிசர்வ் அணியில் ஆடினார். 2009 ஜூனில் கேம் வீவர் என்ற ஆட்டக்காரரைக் கொடுத்து, மறுபடி உருவான சான் ஹோசே அணி அவரைத் திரும்ப வாங்கியபோது, அது செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்த செய்தி.

2005 முதல் 2009 வரை ஐந்து சீசனில் அவர் அடித்த லீக் கோல் 7. ஏழுதான்.

2010-இல் முதல்முறையாக சீசன் முழுக்க ஆட விட்டார்கள். 18 கோல். எட்சன் பட்டிலை ஒரு கோலில் தாண்டி, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட். 2011-இல் 16, ட்வெய்ன் டி ரொசாரியோவுக்குச் சமம், அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த பந்து) கணக்கில் பூட் டி ரொசாரியோவுக்குப் போனது. 2012-இல் 27. 1996-இல் ராய் லாசிட்டர் வைத்த ஒரே சீசன் கோல் சாதனையைத் தொட்டார், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. 2019 மே 18, சிகாகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல். லாண்டன் டோனவனின் 145 லீக் கோல் என்ற சாதனையை அன்றைக்குத் தாண்டினார். மைதானத்தில் நான் இருந்தேன். பக்கத்தில் என் மகள், அப்போது ஏழு வயது, ஏன் பெரியவர்கள் எல்லாம் அழுகிறார்கள் என்று கேட்டாள். 2021 நவம்பரில் டல்லாஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்திலும் ஒரு கோல் அடித்துவிட்டு 171-இல் நிறுத்தினார்.

வடக்கு கேலரி அண்ணா, உங்கள் பையனின் நான்காவது கோலை நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வொண்டோதான் கண்ணில் தெரிந்தார். அவர் வேகமானவர் இல்லை. ஆளை ஏமாற்றிப் போகும் கால்வித்தையும் கிடையாது. யாரோ அடித்த பந்து கோல்கீப்பர் கையிலிருந்து நழுவினால் அது விழும் இடத்தில் எட்டாம் நம்பர் சட்டை நிற்கும். நூறு முறை ஓடுவார், தொண்ணூறு முறை பந்து வராது, முகம் சுளிக்காமல் நூற்று ஓராவது முறையும் ஓடுவார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

செந்தில், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் என் வேலையைச் செய்தாக வேண்டும்.

வொண்டோ ஒருவர். 2005-இலிருந்து இன்றுவரை மூன்றாம் சுற்றிலும் அதற்குப் பின்னும் எடுக்கப்பட்ட ஸ்ட்ரைக்கர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். அவர்களில் பலரும் ஏதோ ஒரு பிப்ரவரியில் இரண்டு கோல் அடித்திருப்பார்கள். அந்தப் பெயர்கள் நமக்கு நினைவில் இல்லை. நினைவில் இருப்பவரை மட்டும் எண்ணினால் கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் வரும்.

இன்னொன்று. வொண்டோ கதையே 'பிரீசீசனை நம்பு' என்று சொல்லவில்லையே. ஐந்து வருடம் யாரும் அவரை நம்பாததைத்தான் சொல்கிறது.

---

பே ஏரியா செந்தில் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்ல நினைத்ததும் ஏறக்குறைய அதுதான், உணர்ச்சியில் வேறு பக்கம் போய்விட்டேன். பையன் அடித்த நான்கு கோலைவிட, ஐந்தாவது கோலுக்கு எட்டு மாதம் ஆனால் கிளப் அவனை எங்கே வைத்திருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

---

மீனா மினியாபொலிஸ் எழுதியது:

செந்தில் கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு பதில் இருக்கிறது. டானி ஒலுவசேயி. நைஜீரியாவில் பிறந்து, கனடாவில் மிசிசாகாவில் வளர்ந்தவர். 2022 டிராஃப்டில் 17-ஆவதாக மின்னசோட்டா எடுத்தது. உடனே முதல் அணியில் போட்டு வறுக்கவில்லை. இரண்டாம் அணி, அப்புறம் 2023-இல் யு.எஸ்.எல்.லில் சான் ஆன்டோனியோவுக்கு லோன், அதாவது தற்காலிகமாக அங்கே ஆட அனுப்பினார்கள். அங்கே வாரா வாரம் ஆடினார், அடித்தார். 2024-இல் திரும்பி வந்தபோது வேறு ஆள். அந்த ஆண்டே கனடா தேசிய அணி, 2025-இல் ஸ்பெயினின் வில்லாரியல்.

சார்லட்டின் பாட்ரிக் அஜ்யெமாங்கும் இப்படித்தான். தொடங்கியது மூன்றாம் டிவிஷன் கல்லூரியில், ஈஸ்டர்ன் கனெக்டிகட். அங்கிருந்து ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம். 2023 டிராஃப்டில் 12-ஆவது. முதல் ஆண்டு பெரும்பாலும் இரண்டாம் அணியான கிரவுன் லெகசியில். 2024-இல் சார்லட்டுக்கு 10 லீக் கோல், 2025 ஜனவரியில் அமெரிக்க அணிக்கு முதல் ஆட்டத்திலேயே கோல், அந்தக் கோடையில் இங்கிலாந்தில் டர்பி கவுன்டி.

இருவருக்கும் பொதுவான விஷயம், நடுவில் ஒரு இடம் இருந்தது. 2005-இல் வொண்டோவுக்கு இருந்தது எப்போதாவது நடக்கும் ரிசர்வ் ஆட்டம் மட்டும். இப்போது ஒரு பையன் இரண்டாம் அணியில் ஒரு முழு சீசன் ஆடலாம். இது பெரிய மாற்றம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மீனா, 12-ஆவது, 17-ஆவது எல்லாம் 'கடைசியில் எடுத்தது' ஆகாது. முதல் சுற்று. தலைப்பு மூன்றாம் சுற்றைப் பற்றியது.

---

மீனா மினியாபொலிஸ் எழுதியது:

சரி, அது உண்மை. ஆனால் இன்றைக்கு எம்.எல்.எஸ். அணிகள் தென் அமெரிக்காவிலிருந்தும் தங்கள் அகாடமியிலிருந்தும் ஸ்ட்ரைக்கர் எடுத்துவிட்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் டிராஃப்ட். முதல் சுற்றின் நடுப்பகுதியே பழைய நாளின் மூன்றாம் சுற்று மாதிரி. 2015-இல் முதல் ஆளாக எடுத்த சைல் லாரின் வந்த ஆண்டே 17 கோல் அடித்தார், புதுமுகங்களில் அதுவரை அப்படி யாரும் அடித்ததில்லை. அந்த மாதிரி ஆட்கள் இப்போது டிராஃப்ட் வரைக்கும் காத்திருப்பதே குறைவு.

---

வாசு வான்கூவர் எழுதியது:

கணக்குப்பிள்ளை சார் கேட்கும் மாதிரி நிஜமாகவே பின்னால் எடுத்தவர் வேண்டுமா? டேனி முசொவ்ஸ்கி. 2018, இரண்டாம் சுற்று, 30-ஆவது. எடுத்தது மறுபடியும் சான் ஹோசேதான், செந்தில் அண்ணாவுக்கு வலிக்கும். முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்களோடு இணைந்திருந்த ரீனோ 1868 அணியில் யு.எஸ்.எல். ஆடினார். 2020-இல் எல்.ஏ.எஃப்.சி., அப்புறம் சால்ட் லேக், அப்புறம் சியாட்டில். 2025-இல் சியாட்டிலுக்கு கோல் அடிக்கும் வேலையே அவர் தோளில்தான் இருந்தது. டிராஃப்டுக்கும் அதற்கும் நடுவில் ஏழு வருடம்.

எங்கள் பிரையன் ஒயிட்டும் அதே 2018 டிராஃப்ட், 16-ஆவது, நியூயார்க் ரெட் புல்ஸ். அங்கே இரண்டாம் அணியும் பெஞ்சுமாக ஓடியது. 2021-இல் இங்கே வந்தார். வந்த நாள் விமானநிலையத்துக்கு யாரும் மாலையோடு போகவில்லை. அந்த ஆண்டே 12 கோல், 2023-இலும் 2024-இலும் 15, 15. இப்போது இந்த ஊரில் அவர் காபி குடிக்கக்கூட நிம்மதியாகப் போக முடியாது.

இன்னும் பின்னால் போனால் டேவி ஆர்னாட், 2002, ஐந்தாம் சுற்று, 50-ஆவது, கான்சாஸ் சிட்டி. பத்து ஆண்டுக்கு மேல் லீக்கில் ஆடினார். குவின்சி அமரிக்வா, 2009, மூன்றாம் சுற்று, 32-ஆவது. அவரும் அப்படியே. ஆக, கதவு திறக்கவே திறக்காது என்று சொல்ல முடியாது.

---

பே ஏரியா செந்தில் எழுதியது:

வாசு, முசொவ்ஸ்கி பெயரை எடுத்தது உண்மையிலேயே வலித்தது. அவர் எங்களுக்கு எதிராக ஆடும்போதெல்லாம் நான் மனைவியிடம் இதே புலம்பலைப் புலம்புவேன்.

---

ஒன்பதாம் நம்பர் எழுதியது:

நான் வார இறுதியில் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன். கல்லூரி நாளில் நானும் ஒன்பதாம் நம்பர்தான். பிரீசீசனில் ஒரு புது ஸ்ட்ரைக்கரைப் பார்க்கும்போது நான் கோலைப் பார்ப்பதே இல்லை. வேறு சிலவற்றைப் பார்ப்பேன்.

கல்லூரி ஆட்டம் வேறு உலகம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும், வாரத்துக்கு இரண்டு ஆட்டம். ஆள் மாற்றம் தாராளம். இரண்டாம் பாதியில் வெளியே போனவர் ஒருமுறை திரும்ப உள்ளே வரலாம். அதனால் ஸ்ட்ரைக்கர்கள் இருபது நிமிடம் முழு மூச்சில் ஓடிவிட்டு, உட்கார்ந்து, மறுபடி வருவார்கள். 90 நிமிடத்தில் எப்போது ஓடுவது, எப்போது மூச்சை மிச்சம் பிடிப்பது என்ற பழக்கமே பலருக்கு இருக்காது. ஆகவே முதலில் நான் பார்ப்பது, 60-ஆம் நிமிடத்துக்குப் பிறகு அவன் ஓட்டம் எப்படி மாறுகிறது என்பதை. களைப்பில் நேர்க்கோட்டில் ஓடத் தொடங்கிவிட்டால் இன்னும் தயாரில்லை. களைத்த பிறகும் வளைந்து ஓடி ஆஃப்சைடு கோட்டைக் கவனித்தால் அவன் தலை வேலை செய்கிறது.

அடுத்தது, கிராஸ் வருவதற்கு முன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான். கல்லூரியில் ஒருமுறை பார்த்தால் போதும். இங்கே டிஃபென்டர்கள் அந்த இடைவெளியில் இடம் மாறிவிடுவார்கள்.

அப்புறம், முதுகைக் காட்டிப் பந்தை வாங்கும்போது என்ன செய்கிறான். கடைசிச் சுற்றுப் பிள்ளைகள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். பின்னால் நிற்பது 30 வயது சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்), உடம்பு பாறை. முதல் தொடலில் பந்து இரண்டடி விலகினால் போயிற்று. கல்லூரியில் அந்த இரண்டடியை வேகத்தால் திரும்பப் பிடித்திருப்பான். இங்கே அது எதிர்த்தாக்குதலாக மாறிவிடும்.

வடக்கு கேலரி, உங்கள் பையன் நான்காவது கோலுக்கு முன் இரண்டடி பின்னால் போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டடிதான் முக்கியம். அதைச் சொல்லிக் கொடுப்பது மிகவும் கடினம். கோலுக்குப் பக்கத்தில் போகத்தான் எல்லாப் பிள்ளைக்கும் கால் துடிக்கும். விலகி நின்று இடத்தை உண்டாக்குகிறவன் பத்தில் ஒருவன்கூட இல்லை. நானே என் 14 வயதுக்காரர்களிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

---

கையுறை எழுதியது:

எதிர்முனையிலிருந்து ஒரு வார்த்தை. பத்து வருடம் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவன் நான், உள்ளூர் லீக்தான்.

பெயர் தெரியாத ஸ்ட்ரைக்கர் எங்களுக்கு நிஜமான தலைவலி. பழைய ஆட்களின் வீடியோ இருக்கும், வலதுகாலா இடதுகாலா, தரையோடு தட்டுவானா மேலே தூக்குவானா என்று தெரியும். புதுப்பையனைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரீசீசனில் அவர்களுக்குக் கிடைக்கும் பெரிய சாதகம் அதுதான். சீசன் தொடங்கி ஐந்து ஆட்டம் ஆன பிறகு எதிரணி அவன் பழக்கத்தைப் படித்திருக்கும். அப்புறமும் அடிக்கிறானா என்று பாருங்கள்.

---

புதுவரவு92 எழுதியது:

இழையை முழுக்க இரண்டு முறை படித்தேன். வொண்டோ என்றால் 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் தவறவிட்டாரே, அவரா? எனக்கு அவரை அது ஒன்றால்தான் தெரியும்.

---

பே ஏரியா செந்தில் எழுதியது:

அவர்தான். பிரேசிலின் சல்வடோர், ஜூலை 1, கோல் இல்லாமல் சமநிலை, 90 நிமிடமும் தாண்டிவிட்டது. பந்து காலடியில் வந்தது, கம்பத்துக்கு மேலே போனது. கூடுதல் நேரத்தில் எங்கள் அமெரிக்க அணி 2-1 என்று தோற்றது. உலகத்தில் பாதிப் பேருக்கு அவரை அந்த ஒரு நொடியால்தான் தெரியும். எனக்கு அது இன்னும் ஆறாத காயம்.

ஆனால் அதற்கு அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அந்த 2014 சீசனை 14 லீக் கோலோடு முடித்தார். 2015-இல் 16. அதற்குப் பின் 2019 வரை ஒவ்வொரு ஆண்டும் பத்துக்குக் குறையவில்லை. 88 பேருக்குப் பின்னால் எடுக்கப்பட்டு, ஐந்து வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு, மறுநாள் காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவது எப்படி என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

---

வாசு வான்கூவர் எழுதியது:

லோன் பற்றிப் பேசுவதால் டாம் டுவையரையும் சொல்லிவிடுகிறேன். 2012, 16-ஆவது, கான்சாஸ் சிட்டி. முதல் ஆண்டு ஆட்டம் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2013-இல் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த ஆர்லாண்டோ சிட்டிக்கு அனுப்பினார்கள். 13 ஆட்டத்தில் 15 கோல், அப்புறம் இறுதி ஆட்டத்தில் மட்டும் நான்கு. ஆர்லாண்டோ 7-4 என்று ஜெயித்தது. அடுத்த ஆண்டு கான்சாஸ் சிட்டிக்காக லீக்கில் 22 கோல். கீழே இறங்கி ஆடுவது தண்டனை இல்லை என்று அந்த ஆண்டுதான் எனக்குப் புரிந்தது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதெல்லாம் படித்துவிட்டு என் நிலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான்கு கோலுக்கு நான் இன்னும் மதிப்புக் கொடுக்க மாட்டேன். ஆனால் முதல்நிலைத் தடுப்புக்கு எதிராக அவனை ஆட விட்டார்களே, அதற்கு மதிப்புக் கொடுப்பேன். கோச் ஒரு மூன்றாம் சுற்றுப் பையனை முதல் பதினொன்றோடு நிறுத்துகிறார் என்றால், பயிற்சியில் நாம் பார்க்காத ஏதோ ஒன்றை அவர் பார்த்திருக்கிறார்.

இன்னொரு கவலையும் உண்டு. 2027-இல் லீக் தன் காலண்டரை மாற்றுகிறது. சீசன் ஜூலையில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்தில் முடியும். அப்படியானால் ஜனவரி, பிப்ரவரியில் இந்த நீண்ட முகாம் இருக்காது. கல்லூரி சீசன் டிசம்பரில் முடிந்ததும் வரும் பையன், சீசன் நடுவில் ஓடும் ரயிலில் ஏற வேண்டியிருக்கும். ஆறு வாரம் முகாம், ஏழெட்டுப் பயிற்சி ஆட்டம் என்று கடைசிச் சுற்றுக்காரர்களுக்கு இருந்த ஒரே ஜன்னலும் மூடிவிடுமோ என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

---

மீனா மினியாபொலிஸ் எழுதியது:

அதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டாம் அணிகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். ஆனால் நீங்கள் சொல்வதும் சரி. முதல் அணிக் கோச்சின் கண்ணெதிரே ஆறு வாரம் என்பது வேறு.

---

வடக்கு கேலரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று கடைசி பிரீசீசன் ஆட்டம், நேரில் போனேன். ஒன்பதாம் நம்பர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு பந்தைப் பார்க்காமல் பையனை மட்டும் பார்த்தேன். இத்தனை வருடம் கால்பந்து பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

முதல் பதினொன்றில் நிறுத்தினார்கள். கோல் இல்லை. முதுகைக் காட்டி வாங்கியதில் மூன்று முறை பந்தை இழந்தான், ஒருமுறை அதிலிருந்தே எங்கள் வலையில் கோல் விழுந்தது. அந்த சென்டர் பேக் அவனைப் பொம்மைபோல் தள்ளிவிட்டான். கேலரியில் ஒருவர் 'அவ்வளவுதான், புஸ்ஸாகிவிட்டது' என்றார். எனக்குக் கோபம் வந்தது.

ஏனென்றால் 64-ஆம் நிமிடத்தில் நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. இடதுபக்கம் பந்து இருக்கும்போது பையன் மூன்று முறை திரும்பிப் பார்த்தான், எண்ணினேன். பின்னால் நகர்ந்து இரண்டு டிஃபென்டரையும் தன் பக்கம் இழுத்தான். காலியான இடத்தில் எங்கள் வலது விங்கர் தனியாக வந்து அடித்தான். ஸ்கோர்ஷீட்டில் பையன் பெயரே இல்லை. 71-இல் மாற்றினார்கள். வெளியே வரும்போது கோச் அவன் தலையைப் பிடித்து ஏதோ காதில் சொன்னார்.

---

ஒன்பதாம் நம்பர் எழுதியது:

நான்கு கோல் அடித்த செய்தியைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு சந்தோஷம். முதுகைக் காட்டி வாங்குவதை ஜிம்மிலும் பயிற்சியிலும் சரிசெய்துவிடலாம். ஒரு வருடம் பிடிக்கும். மற்றது அவனோடு பிறந்தது.

---

கையுறை எழுதியது:

ஒப்பந்தம் பற்றி ஏதாவது தெரிந்ததா?

---

வடக்கு கேலரி எழுதியது:

இப்போதுதான் கிளப் அறிவித்தது. ரிசர்வ் இடம், ஒரு வருடம், அதற்கு மேல் கிளப் விருப்பப்பட்டால் நீட்டிப்பு. முதல் அணியோடு பயிற்சி, இரண்டாம் அணியோடு ஆட்டம் என்று கோச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, இந்த இழையை மறுபடி மேலிருந்து படித்த பிறகு அது போய்விட்டது.

இரண்டாம் அணியின் முதல் ஆட்டம் அடுத்த மாதம், ஒரு பல்கலைக்கழக மைதானத்தில். ஆயிரம் பேர் வந்தாலே அதிகம். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

---

பே ஏரியா செந்தில் எழுதியது:

ஆட்ட நாளன்று நான் அந்தப் பக்கம் வேலையாக வருகிறேன் என்று நினைக்கிறேன், எந்த ஊர் என்று ஓரளவு ஊகித்துவிட்டேன். தனிமடலில் மட்டும் உறுதி செய்யுங்கள், இங்கே எழுத வேண்டாம். எனக்கும் ஒரு இடம் பிடித்து வையுங்கள், கோல் கம்பத்துக்குப் பின்னால் கிடைத்தால் நல்லது. அங்கிருந்துதான் ஓட்டம் தெரியும்.